மருமகளாக ஏற்ற ஊரில் வாடகைக்கு ஒரு வீடு

மதுரை மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் முகாம்கள் மூன்று இருக்கின்றன. மாநகராட்சி எல்லைக்குள் வந்துவிட்ட ஆனையூர், திருமங்கலம் பக்கம் உச்சப்பட்டி, மேலூர் பக்கம் மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூர். இவற்றில் ஒன்றில் பிறந்து வளர்ந்த ஒரு பெண், செல்லூர்ப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு, நகரத்துக்குள் வாடகைக்கு வீடு தேடியதுதான் இந்த ஆய்வின் பொருள். எந்த முகாம் என்று சொல்லப்போவதில்லை. தொழில், தெரு, ஆண்டு ஆகியவற்றிலும் சிலவற்றை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். நடந்தவற்றின் வரிசையை மட்டும் மாற்றவில்லை, ஏனென்றால் இந்த நிகழ்வின் செய்தியே அந்த வரிசையில்தான் இருக்கிறது.

சமூகப் பணி படிக்கும் மாணவர்களுக்குச் சமூக இடைவெளி பற்றிப் பாடம் எடுக்கும்போது எமரி போகார்டஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளரின் அளவுகோலைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1920களில் அவர் உருவாக்கியது. ஒரு குழுவைச் சேர்ந்தவரை நீ எவ்வளவு நெருக்கத்தில் அனுமதிப்பாய் என்று ஏழு படிகளில் கேட்கும். திருமண உறவாக ஏற்பாயா, நெருங்கிய நண்பராகவா, தெருவில் அண்டை வீட்டாராகவா, உடன் வேலை செய்பவராகவா, நாட்டின் குடிமகனாகவா, வெறும் விருந்தாளியாகவா, அல்லது நாட்டுக்குள்ளேயே விடமாட்டாயா? 1926இல் 1,725 அமெரிக்கர்களிடம் இதைக் கேட்டார்; 1946, 1956, 1966 ஆண்டுகளிலும் கேட்கப்பட்டது. இந்த அளவுகோலின் அடியில் ஓர் எண்ணம் இருக்கிறது: குடிமகனாக ஏற்பது எளிது, கூட வேலை செய்வது அதைவிடக் கொஞ்சம் கடினம், பக்கத்து வீட்டில் வைப்பது இன்னும் கடினம், பெண் கொடுத்துப் பெண் எடுப்பது எல்லாவற்றிலும் கடினம். மேல்படியில் ஏறிவிட்டவருக்குக் கீழ்ப்படிகள் எல்லாம் தானாகத் திறந்திருக்கும்.

இந்தப் பெண்ணின் வாழ்க்கையில் மேல்படி திறந்தது, கீழ்ப்படிகள் திறக்கவில்லை.

குடும்பம்

பெற்றோர் இருவரும் வவுனியாப் பக்கம். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது மன்னார்க் கரையிலிருந்து படகேறி இராமேசுவரம் வந்தார்கள். மண்டபம் முகாமில் பதிவு, அங்கிருந்து மதுரை. அப்பா வந்த சில மாதங்களிலேயே பெயிண்டிங் வேலைக்குப் போகத் தொடங்கினார். தமிழ்நாட்டில் எந்த முகாமில் போய்க் கேட்டாலும் ஆண்களில் பெரும்பாலோர் பெயிண்டர்களாக இருப்பதற்குக் காரணம் எளியது: அந்த வேலைக்கு யாரும் சான்றிதழ் கேட்பதில்லை, அன்றன்றைக்குக் கூலி, முகாமில் ஆள் எண்ணும் செக்கிங் நாளில் போகாமல் இருந்துகொள்ளலாம். இந்தப் பெண் 1995இல், குடும்பம் முகாமில் இருந்தபோது பிறந்தார். ஒரு தம்பி உண்டு.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு மூன்று லட்சம் பேர் வரை இப்படி அலை அலையாக வந்திருக்கிறார்கள். தமிழக அரசு 2021இல் சொன்ன கணக்குப்படி 108 முகாம்களில் 58,822 பேரும், காவல் நிலையங்களில் பதிந்துகொண்டு முகாமுக்கு வெளியே 34,087 பேரும் இருந்தார்கள். இந்தியா 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை, 1967 நெறிமுறையிலும் இல்லை. ஆகவே அகதி என்ற ஒரு நிலையை நம் சட்டம் அறியாது. சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் வெளிநாட்டவர், அதிலும் கடவுச்சீட்டு இல்லாமல் வந்தவர்கள்.

ஊர் மனநிலையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 1983இல் தமிழகம் முழுவதும் கொதித்தது, வந்தவர்களை அணைத்துக்கொண்டது. 1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு நிலைமை தலைகீழானது. முகாம்களில் கெடுபிடி, பள்ளி கல்லூரிச் சேர்க்கையில் தடை, பிறகு 1992 முதல் 1995 வரை ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் திருப்பி அனுப்பியது. 2009 முள்ளிவாய்க்காலின்போது மறுபடியும் கண்ணீர். இந்த ஏற்ற இறக்கம் எல்லாவற்றிலும் முகாமுக்கும் ஊருக்கும் நடுவில் இருந்த ஏற்பாடு மட்டும் ஒரே மாதிரி இருந்தது: பதிவு, செக்கிங், தமிழகக் காவல் துறையின் உளவுப் பிரிவான கியூ பிரிவின் கண்காணிப்பு, வெளியூர் போக அனுமதி.

செக்கிங் என்றால் வருவாய் ஆய்வாளர் முகாமுக்கு வந்து ஆள் இருக்கிறார்களா என்று பார்த்துக் கையெழுத்து வாங்குவது. ஆள் இல்லாவிட்டால் அரசு மாதாமாதம் தரும் பணக்கொடை நிற்கும், பதிவே போய்விடுமோ என்ற பயமும் உண்டு. முக்கியப் பிரமுகர் மதுரைக்கு வந்தால் கூடுதல் செக்கிங். அந்தக் கையெழுத்துக்கு எவ்வளவு கனம் என்பதற்கு உச்சப்பட்டியில் 2016 மார்ச்சில் நடந்ததைச் சொன்னால் போதும். செக்கிங்கின்போது அதிகாரியுடன் ஏற்பட்ட தகராறுக்குப் பிறகு ஒரு முகாம்வாசி உயர் மின்னழுத்தக் கோபுரத்தில் ஏறி உயிரை விட்டார். மதுரை மக்கள் அதை ஒரு நாள் செய்தியாகப் படித்தார்கள். முகாம்களில் இன்றும் பேசுகிறார்கள்.

வேலையும் நட்பும்

அரசுப் பள்ளி, பிறகு நகரத்துக்குள் ஒரு கல்லூரியில் பி.காம். படிப்பு முடிந்ததும் கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடையில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. முதலாளிக்கு அவர் முகாமிலிருந்து வருவது தெரியும். அதைக் குறையாக எண்ணவில்லை, வசதியாகவே எண்ணினார். “கேம்ப் புள்ளைக சொன்ன வேலையச் செய்யும், எங்கிட்டும் ஓடிப் போகாது” என்று அவர் என்னிடமே பாராட்டாகச் சொன்னார். ஓடிப் போக முடியாதவர்கள் என்பதுதான் அந்தப் பாராட்டின் அடியில் இருந்தது. அதே வேலைக்குப் பக்கத்து மேசைக்காரரைவிடச் சம்பளம் குறைவு. ஐந்து வருடம் கணக்கு எழுதியும் வங்கிக்குப் பணம் கொண்டுபோய்க் கட்டும் வேலைக்கு அவரை அனுப்பியதில்லை.

தோழிகள் நிறைய. ஒருவர் வீட்டில் சாப்பிட்டு, ஒருவர் கல்யாணத்துக்கு ஒருவர் போய் வந்தார்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் இரவு தோழிகளோடு வைகைக் கரையில் நின்றிருக்கிறார். வெளியில் பேசுவது மதுரைத் தமிழ், வீட்டுக்குள் நுழைந்ததும் பெற்றோரின் தமிழ். இரண்டையும் கலக்காமல் பேசும் திறமை முகாமில் பிறந்த பிள்ளைகள் எல்லோருக்கும் இருக்கிறது. பேருந்தில் அம்மாவோடு போகும்போது அவர் பேசவே மாட்டாராம். அம்மா வாயைத் திறந்தால் இருக்கையில் உட்கார்ந்திருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதால் சிறுவயதிலேயே பழகிக்கொண்ட அமைதி.

கல்யாணம்

கணவர் ஏசி மெக்கானிக். கடைக்கு வேலையாக வந்த இடத்தில் பழக்கம். அப்பா இல்லை, அம்மா மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் வேலை பார்க்கிறார். விஷயம் வீட்டுக்குத் தெரிந்தபோது அந்த அம்மா சொன்ன முதல் வார்த்தை: “ஊரு பேரு தெரியாத கேம்ப்புல போயிப் பொண்ணு எடுக்கணும்னு நமக்கென்ன தலையெழுத்து?”

இந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு அகதிகள் மீதான வெறுப்பு என்று எழுதிவிடுவது எளிது. அவரோடு உட்கார்ந்து பேசினால் வேறு மூன்று கவலைகள் வெளியே வந்தன. முதலாவது சாதி. மதுரையில் எந்த நெருக்கமும் முதலில் அந்தக் கேள்வியைத் தாண்டித்தான் வர வேண்டும். “அங்கிட்டு நீங்க என்ன ஆளுங்க?” என்று பெண்ணின் அப்பாவைக் கேட்டார். அவர் பதில் சொன்னார். அந்தப் பதில் செல்லூர்க் கணக்கில் எங்கே பொருந்தும் என்று யாருக்கும் தெரியவில்லை. விசாரிக்க ஊரில் ஆள் இல்லை, குலதெய்வக் கோயில் கடலுக்கு அந்தப் பக்கம். உள்ளூரில் வேறு சாதியில் பெண் எடுத்திருந்தால் இந்தக் கல்யாணம் நடந்தே இருக்காது என்று கணவரே ஒப்புக்கொள்கிறார். சாதி தெரியாதது இங்கே தடையாக இல்லாமல் வழியாகிவிட்டது. முகாம் மக்கள் மீதான இடைவெளியைத் தனியாக அளக்கலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மதுரையில் அது ஏற்கெனவே இருக்கும் இடைவெளிகளின் மேல் வந்து உட்கார்கிறது. சில இடங்களில் கூட்டுகிறது, சில இடங்களில் குறைக்கிறது.

இரண்டாவது கவலை தாய்மாமன். “நாளைக்குப் புள்ள பெறந்து, மொட்ட போட்டுக் காது குத்துறப்ப யாரு மடியில ஒக்கார வைக்கிறது? சீரு செய்ய யாரு வருவா?” அம்மா வழி உறவு கண்ணெதிரே இல்லாத குடும்பம் என்பது மதுரைப் பக்கத்து மாமியாருக்குச் சின்ன விஷயம் இல்லை. பெண்ணுக்கு ஒரு தம்பி இருக்கிறான் என்று தெரிந்ததும் அந்தக் கவலை பாதி தீர்ந்தது.

மூன்றாவதுதான் அரசாங்கம். “போலீசு வந்து கூட்டிட்டுப் போயிட்டா?” இதற்குப் பெண்ணின் அப்பா சொன்ன பதிலை அந்த அம்மா இன்றும் திருப்பிச் சொல்கிறார்: “நாங்கள் வந்து முப்பது வருசம் ஆகப்போகுது. இவள் இஞ்சதான் பிறந்தவள். எங்க கூட்டிக்கொண்டு போறது?”

2019 வைகாசியில் கோயிலில் கல்யாணம் நடந்தது. முகாமிலிருந்து வந்தவர்கள் மொய் எழுதினார்கள், செல்லூர் ஆட்கள் பந்தியில் அவர்களுக்குப் பரிமாறினார்கள். மாமியாருக்கும் மருமகளுக்கும் இன்று இருக்கும் ஒட்டுதலை நேரில் பார்த்திருக்கிறேன். “ஏத்தா, சாப்ட்டியா” என்பதுதான் மார்க்கெட்டிலிருந்து வந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி. மருமகள் அத்தை என்று கூப்பிட்டுக்கொண்டு அவர் பின்னாலேயே நடப்பார். 2021இல் பெண் குழந்தை. உசிலம்பட்டிப் பக்கம் குலதெய்வக் கோயிலில் காது குத்தியபோது தாய்மாமன் மடியில்தான் உட்கார வைத்தார்கள். அன்று முகாமில் செக்கிங். தம்பி கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டியிருந்தது. சோதிடர் குறித்துக் கொடுத்த காலை நேரத்தை விட்டுவிட்டு, வருவாய் ஆய்வாளர் வந்து போன பிறகு எந்த நேரம் நல்ல நேரம் என்று பார்த்துச் சடங்கை மதியத்துக்குத் தள்ளிவைத்தார்கள். செல்லூர்க்காரக் குடும்பம் ஒன்று முகாமின் நேரத்துக்குள் வந்து சேர்ந்த நாள் என்று அதைத்தான் சொல்வேன். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை என்று தம்பி சொன்னான்.

வீடு

செல்லூர் வீடு ஒரே அறை. குழந்தை வளர்ந்ததும் இடம் போதவில்லை. 2025 தொடக்கத்தில் விளாங்குடி, கூடல்நகர், திருப்பாலைப் பக்கங்களில் வீடு தேடத் தொடங்கினார்கள். வாடகைக்குத்தான், ஒத்திக்குப் போக லட்சக்கணக்கில் பணம் வேண்டும், அதைக் கையில் பத்திரம் எதுவும் உறுதியாக இல்லாமல் கொடுக்க அவர்களுக்கும் மனமில்லை.

வீடு பார்க்கப் போனபோது எல்லாம் நன்றாகவே நடந்தது. தண்ணீர், கரண்ட், முன்பணம் எல்லாம் பேசி முடிந்து, ஆதார் நகல் கேட்கும்போதுதான் பேச்சு நிற்கும். ஆதார் இங்கே வசிக்கும் யாருக்கும் கிடைப்பது, முகாமில் இருப்பவர்களுக்கும் உண்டு. அவருடைய ஆதாரில் முகவரி முகாம். 2021இல் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று அரசு மாற்றியது நல்லெண்ணத்தோடு. வீட்டுக்காரர்களின் கண் அந்த முகாம் என்ற சொல்லில்தான் நிற்கிறது.

விளாங்குடியில் ஒரு வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற அரசு ஊழியர். முகவரியைப் பார்த்ததும் இருவரையும் உட்கார வைத்து, காப்பி கொடுத்து, பேசத் தொடங்கினார். 2009 மே மாதம் தொலைக்காட்சி பார்த்துவிட்டுச் சாப்பிட முடியாமல் கிடந்ததை, ஊர்வலத்தில் போனதை, இன்றைக்கும் அந்த நாளில் வீட்டில் விளக்கு ஏற்றுவதைச் சொன்னார். சொல்லும்போது கண் கலங்கியது. பிறகு வீடு தர முடியாது என்றார். “தப்பா எடுத்துக்காதம்மா. என் பேருல ஒரு பிரச்சினை வந்துரக் கூடாது. நாளைக்கு கியூ பிராஞ்ச் வந்து கேட்டா நான் என்னத்தச் சொல்றது?”

அவரைப் போலி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருடைய கண்ணீர் உண்மை, பயமும் உண்மை. போகார்டஸின் கேள்விகளை அவரிடம் கொடுத்திருந்தால் ஏழு படிகளிலும் தாராளமாகவே பதில் எழுதியிருப்பார். குடியுரிமை வேண்டுமா என்றால் உடனே கொடுங்கள் என்றிருப்பார். தூரத்தில் இருக்கும் ஈழத் தமிழர் மீது அவருக்கு இருந்த அன்பு, வாசலில் வந்து நின்ற பெண்ணுக்குச் சாவியாக மாறவில்லை. நடுவில் நின்றது அரசாங்கம். கருத்துக்கணிப்புகள் இதைத் தவறவிடும், ஏனென்றால் அவை மனத்தைக் கேட்கின்றன, வாசலைக் கேட்பதில்லை.

கூடல்நகரில் ஒரு வீட்டுக்கார அம்மா கேட்டது வேறு: “உங்க ஆளுங்கல்லாம் வந்து தங்குவாங்களோ?” வேறொருவர், போர்தான் முடிந்துவிட்டதே, ஊருக்குத் திரும்பிப் போகலாமே என்று அக்கறையாகவே கேட்டார். திரும்பிப் போவதற்கு இந்தப் பெண் ஒருமுறைகூட அங்கே போனதில்லை. மே மாதத்தில் ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லா நாட்டவரையும் தங்கவைக்க இந்தியா தர்மசத்திரம் இல்லை என்ற பொருளில் சொன்னது செய்திகளில் ஓடியது. அந்த வாரத்தில் முன்பணம் வரை வந்திருந்த ஒரு வீடு கைவிட்டுப் போனது. அந்த வழக்குக்கும் இந்தக் குடும்பத்துக்கும் துளிச் சம்பந்தமில்லை. அது வேறு வகைக் குற்றத்தில் தண்டனை பெற்றவருடைய வழக்கு. தொலைக்காட்சியின் அடிவரிச் செய்தியில் அந்த வேறுபாடு வராது.

அதே தெருக்களில் மாடிப் போர்ஷன்களில் வட மாநிலத் தொழிலாளர்கள் இருந்தார்கள். டைல்ஸ் ஒட்டுகிறவர்கள், ஓட்டல்களில் வேலை செய்கிறவர்கள். ஓர் அறையில் ஆறு, எட்டுப் பேர், தலைக்கு இவ்வளவு என்று வாடகை. அவர்களோடு வீட்டுக்காரர் பேசுவது கைச்சைகையில். அவர்களை விருந்துக்கு யாரும் கூப்பிட்டதில்லை, பெண் கொடுப்பது பற்றிய பேச்சே எழாது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவி, அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ரயில் நிலையங்களில் நின்றதை மறந்திருக்க மாட்டோம். அந்த வீடியோக்களுக்காகக் கைதான யூடியூபர் ஒருவரை நம் மதுரை மத்தியச் சிறையில்தான் வைத்திருந்தார்கள். அந்தத் தொழிலாளர்கள் மீது இந்த ஊருக்கு இருக்கும் மனத்தூரம் அதிகம். ஆனாலும் வீடு கிடைக்கிறது. “அவய்ங்க கிட்ட ஓட்டர் ஐடி இருக்குல்ல” என்றார் தரகர். மொழி, உணவு, தெய்வம் எல்லாம் ஒன்றாக இருப்பவருக்குக் கிடைக்காத வீடு, ஒன்றும் பொதுவாக இல்லாதவருக்குக் கிடைத்தது ஒரு அட்டையால்.

குஜராத் பக்கமிருந்து வந்து, திருமலை நாயக்கர் மகால் பக்கம் பல நூற்றாண்டுகளாக இருக்கும் சௌராஷ்டிரர்கள் இன்றும் வீட்டில் சௌராஷ்டிர மொழிதான் பேசுகிறார்கள். அவர்களை வந்தேறிகள் என்று மதுரையில் யாரும் நினைப்பதில்லை. அவர்களில் ஒருவரான பாடகர் டி.எம்.சௌந்தரராஜன் குரலைவிட மதுரைக் குரல் எது? வெளியிலிருந்து வந்தவரை உள்ளே எடுத்துக்கொள்ளத் தெரியாத ஊர் இது என்று என்னால் நம்ப முடியாததற்கு அதுவும் ஒரு காரணம்.

இதில் வருத்தமான ஒன்று என்னவென்றால், வாடகைக்கு விடுவதைச் சட்டம் தடுக்கவில்லை. அந்நியச் செலாவணிச் சட்ட விதிகளின்படி இலங்கைக் குடிமக்கள் ரிசர்வ் வங்கி அனுமதி இல்லாமல் இந்தியாவில் நிலமோ வீடோ வாங்க முடியாது. ஐந்து ஆண்டுக்கு மேற்படாத குத்தகைக்கும் வாடகைக்கும் அந்தத் தடை கிடையாது. வெளிநாட்டவரைத் தங்கவைப்பவர் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கடமை உண்டு. தெரிவித்தால் முடிந்தது. இந்த இரண்டு வரியை எழுதிக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்காரர்களிடம் பேச அந்தப் பகுதியில் யாருமில்லை. முகாம்களைப் பார்க்கும் தனி தாசில்தார் அலுவலகத்துக்கு இப்படி ஒரு கடிதம் கொடுக்கும் வழக்கமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

குடியுரிமை என்ற கீழ்ப்படி

போகார்டஸ் எளிதான படி என்று நினைத்த இடத்துக்கு இப்போது வருகிறோம்.

இந்திய மண்ணில் பிறந்த எல்லோரும் குடிமக்கள் என்ற நிலை 1987 ஜூலை 1 அன்று முடிந்தது. அன்று முதல் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் இறுகியது: ஒருவர் இந்தியராக இருந்தால் மட்டும் போதாது, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. அந்த 1987 தேதிக்கு முன்னால், மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு கொடுக்கும்படி நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்ததும் செய்தியானது. நம் மருமகள் பிறந்தது 1995. எட்டு வருடத் தாமதம்.

இந்தியரைத் திருமணம் செய்து ஏழு ஆண்டுகள் இங்கே வசித்தவர் பதிவு மூலம் குடியுரிமை கேட்கலாம் என்று 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. அதே பிரிவு சட்டவிரோதக் குடியேறிக்கு அந்த வழியை மூடுகிறது. செல்லுபடியாகும் ஆவணமில்லாமல் இந்தியாவுக்குள் நுழைந்த வெளிநாட்டவர் என்பதுதான் அதற்கு இலக்கணம். இவர் எந்த எல்லையையும் தாண்டி நுழையவில்லை, அரசு மருத்துவமனையில் பிறந்தவர். அந்த இலக்கணம் அவரைத் தொடாது என்று வாதிட இடம் இருக்கிறது, நீதிமன்றத்தில் வைக்க வேண்டிய வாதம் அது என்றுதான் நான் பேசிய வழக்கறிஞரும் சொன்னார். அலுவலக மேசையில் அந்த வாதத்தைக் கேட்க யாருக்கும் பொழுதில்லை. முகாம் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா, இருக்கிறது, அவ்வளவுதான். இதன் நிழல் குழந்தை மீதும் விழுகிறது. அப்பா செல்லூர்க்காரர், தாத்தா பாட்டி செல்லூர்க்காரர்கள். பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கிறது, எல்.கே.ஜி. சேர்ப்பதில் ஒரு தடையும் வரவில்லை. ஆனால் பிறக்கும்போது அம்மாவின் நிலை என்ன என்று என்றைக்காவது யாராவது கேட்டால், பதில் மேலே சொன்ன அந்த முடிவாகாத வாதத்தில் போய் நிற்கும்.

2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த சில மதத்தவருக்கு வழி திறந்தது, இலங்கையைச் சேர்க்கவில்லை. அதே 2019 ஜூனில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், மலையக வம்சாவளி முகாம்வாசிகளின் குடியுரிமை மனுக்களைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்ற சட்ட நுணுக்கத் தடையைத் தளர்த்திப் பரிசீலிக்கச் சொன்னது நினைவிருக்கலாம். இலங்கைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளியினரை எந்த நாடு ஏற்பது என்று இரு நாடுகளும் செய்துகொண்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னணி கொண்டவர்கள் அவர்கள். இந்தக் குடும்பம் வவுனியாப் பக்கத்தது, அந்த வழியும் நேராகப் பொருந்தாது. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவுசெய்த இலங்கைத் தமிழர்களுக்குப் புதிய குடியேற்றச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்குக் கொடுத்தது. நிம்மதிதான், பிடித்து உள்ளே வைக்க மாட்டார்கள். குடியுரிமை அதில் இல்லை.

தூரம் எங்கிருந்து வருகிறது

முகாமை ஒட்டிய தெருக்களில் குறைபேச்சு இல்லாமல் இல்லை. மாதாமாதம் துட்டு, அரிசி, இப்போது புது வீடு என்று சொல்வார்கள். 2021 ஆகஸ்டில் 317 கோடி ரூபாய்த் திட்டத்தை முதல்வர் அறிவித்து, 7,469 வீடுகளைக் கட்டித்தருவதாகச் சொன்னதும், பணக்கொடை உயர்ந்ததும் அந்தப் பேச்சுக்குத் தீனி. உயர்ந்த பிறகு குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, குழந்தைக்கு 500. பெயிண்டரின் சில நாள் கூலி. இந்தக் குறைபேச்சு மாமியாரிடமும் கல்யாணத்துக்கு முன்பு இருந்தது, பிறகு கணக்கைத் தெரிந்துகொண்டார், போய்விட்டது. அறியாமையால் வந்த தூரம் அப்படித்தான், பழகினால் கரையும்.

கரையாதது வேறொன்று. மாமியாரின் மூன்று கவலைகளில் சாதியும் தாய்மாமனும் மனிதர்கள் உட்கார்ந்து பேசித் தீர்த்தவை. போலீசு வருமோ என்ற மூன்றாவது இன்றும் தீரவில்லை, விளாங்குடிக்காரரிடம் அதே கேள்விதான் வேறு வாயிலிருந்து வந்தது. கீழமாசி வீதி முதலாளி வங்கிக்கு அனுப்பாததற்கும் அதுவே காரணம் என்று பிறகு சொன்னார்: “நாணயமான புள்ளதான். பணத்தோட வழியில போலீசு நிப்பாட்டுனா நம்மால பதில் சொல்ல முடியாது.” நான்கு பத்தாண்டுகளாக ஒரு மக்கள் கூட்டத்தைப் பதிவேட்டில் வைத்து, ஆள் எண்ணி, கையெழுத்து வாங்கிக் கொண்டிருக்கும்போது, பார்க்கிற ஊர்க்காரர் என்ன கற்றுக்கொள்வார்? இவர்கள் எண்ணப்பட வேண்டியவர்கள், அருகில் வைத்தால் நம்மையும் எண்ணுவார்கள் என்றுதான் கற்றுக்கொள்வார். முகாம் மக்கள் மீது மதுரைக்கு இருக்கும் இடைவெளியின் பெரும்பகுதி இப்படிக் கற்றுக்கொடுக்கப்பட்டது என்பது என் முடிவு. ஆகவே ஊர் மனத்தை மாற்றுவோம் என்று கூட்டம் போட்டுப் பேசுவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. பதிவேட்டைக் கையாளும் விதம் மாறினால் மனம் பின்னாலேயே வரும்.

உடனே செய்யக்கூடியவை உண்டு. மாவட்ட நிர்வாகம் ஒரு பக்கக் கடிதம் தரலாம்: இன்னார் பதிவுபெற்றவர், இவருக்கு வீடு வாடகைக்கு விடுவது குற்றமில்லை, காவல் நிலையத்துக்குத் தெரிவித்தால் போதும் என்று. உள்ளூரில் கல்யாணமாகிப் போன பெண்களின் வருகைப் பதிவைத் தாங்கள் வசிக்கும் பகுதிக் காவல் நிலையத்துக்கு மாற்றலாம். முகாமுக்கு வெளியே வாழும் 34,000 பேர் அப்படித்தானே இருக்கிறார்கள். இந்தியரை மணந்தவர்களின் 5ஆம் பிரிவு மனுக்களை, இங்கேயே பிறந்தவர்கள் என்ற அடிப்படையில் தனியாகப் பிரித்து மாநில அரசு மத்திய அரசுக்கு அனுப்பலாம். இந்தக் கடைசிக் கோரிக்கையை வைத்து மருமகள் பெயரில் ஒரு மனு தயாராகிக் கொண்டிருக்கிறது. அதற்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்து மதுரைக் கிளைக்குப் போவதாகத் தீர்மானித்திருக்கிறார்கள்.

வீடு கடைசியில் கிடைத்தது, ஆவணி பிறந்ததும் திருப்பாலையில். மாமியாரின் ஆதார், மாமியாரின் கையெழுத்து, பதினொரு மாத ஒப்பந்தம். மருமகளின் பெயர் அதில் எங்கும் இல்லை. அவர் மட்டும் செக்கிங் நாளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முகாமுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார். ஒப்பந்தம் வரும் ஆனியில் முடிகிறது, ஆடியில் யாரும் வீடு மாறமாட்டார்கள் என்பதால் அதற்குள் பேசி முடிக்க வேண்டும். இந்த முறை மருமகள் பெயரையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும் என்று மாமியார் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார் அவர்.